நிலவறைக்கு நாள் குறித்தவர்

மனிதர்களில் ஏற்பாட்டுக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாலு பேர் சேர்ந்து எங்கேயாவது போய் வரலாமா என்று யாராவது சும்மா வாய்விட்டால் போதும். எந்த வண்டி, யார் முன்னால் உட்காருவது, எந்த ஊரில் எங்கே நிறுத்தினால் நிழல், எந்தக் கடையில் சாப்பிட்டால் வயிறு தாங்கும், எங்கே கழிப்பறை சுத்தம் என்பது வரை சகலமும் தீர்மானமாகி மறுநாள் காலையில் அவரிடமிருந்து வந்து சேர்ந்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியது சந்தோஷமாக இருப்பது மட்டும்தான். அதற்கும் அவர் நேரம் ஒதுக்கியிருப்பார்.

இந்த ரகம் எல்லா ஊரிலும் விளையும். ஆனால் பிரான்ஸில் எங்கள் பர்கண்டியில் விளைவதுபோல் செழிப்பாக வேறெங்கும் விளையாது என்பது என் கட்சி. காரணம் இருக்கிறது. இங்கே நல்ல ஒயின் என்பது கடையில் போய்க் கேட்டு வாங்குகிற சாமான் கிடையாது. ஒயின்காரர் வீட்டுக்கே போக வேண்டும். முன்கூட்டியே சொல்லி, அவர் சரியென்ற பிறகு போக வேண்டும். நிலவறைக்குள் இறங்கி, பீப்பாயிலிருந்து அவர் ஊற்றிக் கொடுப்பதை முகர்ந்து, வாயில் உருட்டி, வாளியில் துப்பி, நடுநடுவே தலையாட்ட வேண்டும். விலையை எடுத்ததும் கேட்டால் அற்பன். கேட்காமலே போனால் ஓசிக் குடிகாரன். பன்னிரண்டு மணி அடித்தால் ஒயின்காரர் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். அதற்கு மேலும் அவர் முற்றத்தில் நின்றுகொண்டிருப்பவனை ஊரே ஒரு மாதிரி பார்க்கும். இத்தனை விதிகள் உள்ள பூமியில் ஏற்பாட்டுக்காரர் பிறக்காமல் வேறு எங்கே பிறப்பார்?

மொஸ்யே ரெஜிஸ் தெல்மோத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திஜோன் நகரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும் என்று நாள் முழுக்க ஊராருக்குச் சொல்லிப் பழகிய வாய். நிலவறைகளையும் அப்படித்தான் எழுதிக் கொடுப்பார்: சாப்பாட்டுக்கு முன் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, உடம்பு தாங்கினால் சாயங்காலம் இன்னொன்று. அதற்கு மேல் போனால் நாக்கு மரத்துப்போகும் என்பார். சரிதான். அவர் சொல்வது எல்லாமே சரியாகத்தான் இருக்கும். அவரோடு பயணம் போவதில் உள்ள பெரிய கஷ்டமே அதுதான்.

கிளம்புகிற நாளன்று காலையில் யாரும் பற்பசை போட்டுப் பல் விளக்கக் கூடாது. காபி ஆகாது. மனைவி ஓதில் செண்ட் புட்டியின் பக்கமே போகக் கூடாது. ஒருமுறை முந்தின வாரம் தெளித்த வாசனை அவள் சால்வையில் மிச்சம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, சால்வையை வண்டி டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டார்; அவள் ஈரமான நிலவறையில் பல் கிடுகிடுக்க நின்றுகொண்டு ஒவ்வொரு பீப்பாய்க்கும் தலையாட்டினாள். தலையாட்டலில் நடுக்கமும் சேர்ந்துகொண்டதால் அந்த ஒயின்காரருக்குப் பரம சந்தோஷம். ஓதில் அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

துப்பாமல் விழுங்குகிறவர்களை ரெஜிஸுக்குக் கட்டோடு பிடிக்காது. விழுங்குகிறவர்கள் என்றால் வேறு யார், ஓதிலின் தம்பி மார்சியால்தான். நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கிறவன். சோம்பேறி, சாப்பாட்டுப் பிரியன், நல்ல மனுஷன். "வாய்க்குள்ள வந்தத எதுக்கு மச்சான் வெளிய அனுப்பணும்?" என்று வருஷா வருஷம் கேட்பான். வருஷா வருஷம் ரெஜிஸ் பொறுமையாக விளக்குவார். வருஷா வருஷம் அவன் விழுங்குவான்.

இப்படிப்பட்ட ரெஜிஸின் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. முள்ளின் பெயர் மதாம் கொர்னெலூ.

திஜோனுக்குத் தெற்கே, சரிவை ஒட்டி, பெயர் சொன்னால் அந்தம்மா கோபித்துக்கொள்வார் என்பதால் நான் சொல்லாத ஒரு சிற்றூரில் அவருடைய திராட்சைத் தோட்டம். சின்னத் தோட்டம். வருகிற ஒயின் வழக்கமாக வாங்கும் வீடுகளுக்கே சரியாகப் போய்விடும். புது வீடு ஒன்று சேர வேண்டுமானால் பழைய வீடு ஒன்று கழிய வேண்டும். யாரைச் சேர்ப்பது என்பதற்கு அவர் மனசைத் தவிர வேறு சட்டம் கிடையாது. ரெஜிஸின் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் நோட்டரி மொஸ்யே பிகார் அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர். கிறிஸ்துமஸ் சமயத்தில் ரெஜிஸையும் ஓதிலையும் மேலே கூப்பிட்டு, சின்னக் கோப்பையில் அடி மறைய ஊற்றி, "இது கடையில கெடைக்காது, தெல்மோத்" என்பார். அவ்வளவுதான் சொல்வார். ஆனால் அதைச் சொல்லும்போது புருவத்தை ஒரு தூக்கு தூக்குவார் பாருங்கள், அந்தப் புருவத்துக்காக ரெஜிஸ் ஜனவரி முழுக்கத் தூங்க மாட்டார். தானும் ஒரு கிறிஸ்துமஸுக்குப் பிகாரைக் கீழே கூப்பிட்டு, அடி மறைய ஊற்றி, அதே வார்த்தையைச் சொல்ல வேண்டும். மனுஷனுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

போன குளிர்காலத்தில், மதாம் கொர்னெலூவிடம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெல்ஜியக் கிழவர் காலமானார். செய்தியைப் பிகார்தான் படிக்கட்டில் வைத்துச் சொன்னார். ரெஜிஸ் வருத்தம் தெரிவித்த வேகத்தில் வீட்டுக்குள் ஓடிக் கடிதம் எழுதினார். நாட்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தம்மாவே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"விண்ணேற்றத் திருநாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழம காலைல வாங்க."

"ரொம்ப நன்றி மதாம். எத்தன மணிக்குங்க?"

"காலைலன்னு சொன்னேனே."

ரெஜிஸ் தொலைபேசியை வைத்துவிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலை என்றால்? எட்டும் காலைதான், பதினொன்றும் காலைதான். கடைசியில் பத்து என்று தானே முடிவு செய்து, அதைச் சுற்றி மற்றதையெல்லாம் கட்டினார். வியாழன் விடுமுறை, வெள்ளிக்கும் கடையை மூடிப் பாலம் போட்டால் ஞாயிறு வரை தொடர்ச்சி. வெள்ளி காலை மதாம் கொர்னெலூ. மதியம் அடுத்த ஊர் உணவகத்தில் மூன்று பேருக்கு ஜன்னலோர மேசை, சிவப்பு ஒயினில் வெந்த முட்டைக்கு அன்றே சொல்லிவைத்தாயிற்று. அதன்பின் ஒரு பெரிய ஒயின் மாளிகை. அங்கே மண்ணைப் பற்றிப் படம் காட்டுவார்கள். போதாதென்று, புறப்படுவதற்கு முன்பே ஒரு நன்றி அட்டையும் எழுதி உறையில் போட்டு வைத்துக்கொண்டார். அங்கே போய் எழுதினால் கையெழுத்து கோணும் அல்லவா? 'மறக்க முடியாத இந்தக் காலைப்பொழுதுக்கு நன்றி. ஆலங்கட்டி மழை பெய்த வருஷத்தைப் பற்றித் தாங்கள் சொன்ன கதை எங்கள் நெஞ்சைத் தொட்டது.' ஆலங்கட்டிக் கதையை அந்தம்மா எல்லோரிடமும் சொல்வார் என்று பிகார் சொல்லியிருந்தார். நம்மிடம் சொல்லாமலா விடுவார்?

வெள்ளிக்கிழமை வண்டியில் போகும்போது ரெஜிஸ் பாடம் நடத்தினார். பேச்செல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றித்தான்.

"பீப்பாய்லேர்ந்து குடுக்கறது எல்லாருக்கும் குடுக்கறதுதான். அதுல ஒண்ணும் இல்ல. கடைசில போயி தூசி படிஞ்ச பாட்டில் ஒண்ணு எடுத்துட்டு வருவாங்க, பேர் ஒட்டாத பாட்டில். எந்த வருஷம்னு சொல்லுங்கம்பாங்க. அது வந்துட்டா நம்மளச் சேத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். புரியுதா?"

"தப்பா சொன்னா?" என்றான் மார்சியால்.

"தப்பா சொன்னாலும் பரவால்ல. நீ வாயத் தொறக்காத, அது போதும்."

மதாம் கொர்னெலூ ஐம்பது தாண்டியவர். ரப்பர் பூட்ஸும் ஆண்பிள்ளைச் சட்டையுமாக வாசலில் நின்றார். காலடியில் பன்றிக்குட்டி கணக்கில் ஒரு கிழட்டு நாய். பத்து மணிக்கு டாண் என்று வண்டி நின்றதைப் பார்த்து, "நான் கோழிக்குத் தீனி போட்டுட்டு வந்துடறேனே" என்று போய்விட்டார். ரெஜிஸின் நாள் அங்கேயே சறுக்க ஆரம்பித்தது. வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே கணக்குப் பண்ணினார்: முதல் பீப்பாயில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் சரிக்கட்டிவிடலாம்.

அந்தம்மாவோ அவசரம் என்ற வார்த்தையைக் கேள்விப்பட்டதில்லை. ஒரு பீப்பாயிலிருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு, எதிர்வீட்டுக்காரர் டிராக்டர் வாங்கிய கதை, அந்த டிராக்டர் ஓடாத கதை, நாய்க்குக் காது கேட்காமல் போன கதை என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தார். ஓதில் நடுவில் ஏதோ கேட்டாள். கேட்டதில் டிராக்டர் இன்னும் கொஞ்ச தூரம் ஓடியது. மார்சியால் கவிழ்த்து வைத்த பெட்டி மேல் உட்கார்ந்து விழுங்கிக்கொண்டிருந்தான். நாய் அவன் பாதத்தின் மேல் படுத்துத் தூங்கிவிட்டது. ரெஜிஸ் மட்டும் வேலையில் இருந்தார். முகர்ந்தார், உருட்டினார், துப்பினார். பீப்பாய் எந்தக் காட்டு மரம், திராட்சைப் பறிப்பு எந்தத் தேதியில், புளிப்பு எப்படி என்று யோசித்து வைத்திருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டார். மதாம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு மறுபடி நாயிடம் போனார். பதில்கள் தெளிவாக இருந்ததில் ரெஜிஸுக்குத் திருப்தி. எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தார், பாவம்.

பீப்பாய்கள் முடிந்தன. கோயில் மணி பன்னிரண்டு ஆகப் போகிறது என்று ஒரு தரம் எச்சரித்தது. மதாம் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க, வரேன்."

சொல்லிவிட்டு நிலவறைப் படியேறி, முற்றத்தைத் தாண்டி, சமையலறைக்குள் போனார்.

இனி ரெஜிஸின் மண்டைக்குள் நடந்ததைக் கவனியுங்கள். பேர் ஒட்டாத பாட்டில் நிலவறையின் ஆழத்திலிருந்து வரும். அவர் கேள்விப்பட்டதெல்லாம் அப்படித்தான். அந்தம்மா மேலே ஏறிச் சமையலறைக்குப் போகிறார். மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. ஆகவே அடுப்பில் இருப்பதைப் பார்க்கப் போகிறார். ஆகவே பசி. ஆகவே, வாய்விட்டுச் சொல்ல முடியாமல், நாகரிகமாக நம்மைக் கிளம்பச் சொல்கிறார். பன்னிரண்டு மணிக்கு ஒயின்காரர் முற்றத்தில் நிற்பவன் மனுஷனா? விதிப்படி நடந்தால் விருது கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் எடுக்கும் முடிவை அவர் எடுத்தார்.

"கெளம்புங்க, கெளம்புங்க" என்று கிசுகிசுத்துக்கொண்டே நன்றி அட்டையைப் பீப்பாய் மேல் நிறுத்தி வைத்தார்.

ஓதில் நகரவில்லை. "இருங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க, ரெஜிஸ்."

"அது மரியாதைக்குச் சொல்றது."

"அப்ப மரியாதைக்கு இருப்போம்."

"சாப்பாட்டு நேரத்துல நின்னா காலத்துக்கும் இந்த வாசப்படி மிதிக்க முடியாது. உனக்குத் தெரியாது. மார்சியால், எழுந்திரு."

"நாய் தூங்குது மச்சான்" என்றான் மார்சியால்.

ரெஜிஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். உணவகத்தில் ஒரு மணிக்கு மேல் வந்தவர்களை உட்காரவிட மாட்டார்கள். முட்டைக்கு வேறு சொல்லியாயிற்று. யாராவது ஒருவராவது பொறுப்பாக இருக்க வேண்டாமா? தான் போய் மேசையைப் பிடித்து வைப்பதாகவும், திராட்சை வரிசைகளுக்கு நடுவே குறுக்காக நடந்தால் அடுத்த ஊர் கிட்டத்தில்தான் என்றும், முட்டை ஆறுவதற்குள் வந்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, நுனிக்காலில் முற்றத்தைக் கடந்து, சத்தம் வராமல் வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

ஜன்னலோர மேசை அருமையான மேசை. நாற்காலிகள் மூன்று. ஒன்றில் ரெஜிஸ் உட்கார்ந்திருந்தார். ஓதிலைத் தொலைபேசியில் கூப்பிட்டால் கிடைக்கவில்லை; நிலவறைக்குள் கிடைக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூன்று பேருக்கான முட்டையும் வந்தது. பரிமாறுகிறவர் மற்ற இரண்டு தட்டுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "வந்துட்டே இருக்காங்க" என்றார் ரெஜிஸ். பாலாடைக்கட்டி வரும்போதும் அதையே சொன்னார். அக்கம்பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள்.

மாளிகையில் மூன்று பேருக்குப் பதிவு இருந்தது. ரெஜிஸ் ஒருவராகவே போய் நின்றார். பதிவு செய்த இடத்துக்குப் போகாமல் இருப்பது அவர் வழக்கம் கிடையாது. மண்ணைப் பற்றிய படத்தை அவருக்காகவே இருட்டாக்கி முழுசாகப் போட்டார்கள். விளக்கம் சொல்ல வந்த பெண், "உங்கள் எல்லோரையும் வரவேற்கிறோம்" என்று அவரைப் பார்த்துச் சொன்னாள். அவரும் எல்லோருக்கும் சேர்த்துத் தலையாட்டினார்.

வெயில் சாயும் நேரத்துக்கு மதாம் கொர்னெலூவின் வாசலுக்குத் திரும்பி வந்தார். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் மனைவி சிரிக்கிற சத்தம்தான். ஆனால் அப்படிச் சிரித்து அவர் கேட்டு வெகு காலமாகியிருந்ததால் யாரோ வேற்றாள் என்று முதலில் நினைத்தார்.

உள்ளே மேசை மேல் கோழி எலும்புகள், ரொட்டித் துணுக்குகள், நடுவில் தூசி படிந்த பாட்டில் ஒன்று. அதில் பேர் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. பாட்டில் காலி. மார்சியால் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நாய் இப்போதும் அவன் காலில்தான். ஓதில் மதாமின் சால்வையைப் போர்த்தியிருந்தாள். மேசையில் தட்டுகள் நாலு. ஒரு தட்டு மட்டும் சுத்தமாக இருந்தது.

ரெஜிஸ் அந்தத் தட்டைப் பார்த்தார், ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தார், அடுப்பங்கரைத் தரையில் திறந்து கிடந்த சின்னக் கதவைப் பார்த்தார். பழைய பாட்டில்களை அந்தம்மா அடுப்பங்கரைக்குக் கீழே தனியாகப் பூட்டி வைத்திருக்கிறார் என்பது யாரும் விளக்காமலே அவருக்குப் புரிந்துவிட்டது.

"வாங்க" என்றார் மதாம். குரலில் கோபமே இல்லை. "உங்க கார்டு படிச்சேன். ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஒண்ணுதான் புரியல. ஆலங்கட்டி மழக் கதைய நான் அப்ப சொல்லவே இல்லையே. சரி, எழுதிட்டாரே, சொல்லிடுவோம்னு சாப்பிடும்போது இவங்ககிட்ட சொன்னேன்."

மார்சியால் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். ஓதில் அடக்கிக்கொள்ளவில்லை.

பிறகு ஓதில் சொன்னாள்: அந்தப் பெல்ஜியக்காரரின் இடம் தங்களுக்குக் கிடைத்துவிட்டது. தங்களுக்கு என்றால், அவளுக்கும் தம்பிக்கும். பெயர் என்ன என்று மதாம் கேட்டபோது பேச்சுவாக்கில் பிறந்த வீட்டுப் பெயரைச் சொல்லிவிட்டாளாம். மாற்றச் சொல்லலாம்தான். ஆனால் அந்தம்மா இரண்டாம் முறை கேட்கிறவர் மாதிரித் தெரியவில்லையாம்.

மதாம் கொர்னெலூ எழுந்து பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் வண்டலோடு கொஞ்சம் இருந்தது. கோப்பையில் வடித்து ரெஜிஸிடம் கொடுத்தார். அடி மறைகிற அளவு, பிகார் ஊற்றுகிற அளவுதான். ரெஜிஸ் முகர்ந்தார். கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷ நிலவறைகளில் இப்படி ஒன்று அவர் மூக்குக்கு எட்டியதில்லை. வாயில் விட்டார். மூடிய கண்ணோடு உருட்டினார், மெதுவாக, பயபக்தியோடு, நாக்கின் எல்லா ஓரத்துக்கும் காட்டினார். அப்புறம் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பிவிட்டார்.

பழக்கம், என்ன செய்வது? துப்பிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"இலையுதிர் காலத்துல வாங்க" என்று ஓதிலின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார் மதாம். "தம்பியையும் கூட்டிட்டு வாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொண்டார்: "அவர வற்புறுத்தாதீங்க. பாவம், அவருக்கு எவ்வளவோ வேல இருக்கு."

இருட்டியதும் திஜோனுக்குத் திரும்பினார்கள். ஊர் விளக்குகள் தெரிய ஆரம்பித்தபோது ரெஜிஸ் தொண்டையைக் கனைத்தார். எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாகச் சொன்னார். தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டதாம். அடுத்த தடவை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் தனியாக ஒதுக்கி, அதில் 'எதிர்பாராதது' என்று எழுதிவிடப் போகிறாராம். ஓதில் ஜன்னலைத் திறந்து காற்று வாங்கினாள்.

கிறிஸ்துமஸுக்குப் பிகார் கீழே வந்தார். ஓதில்தான் ஊற்றினாள், கோப்பை நிறைய. "இது கடையில கெடைக்காது, மொஸ்யே பிகார்" என்று அவளே சொன்னாள். பிகார் புருவத்தைத் தூக்கினார். இந்தத் தடவை ஓதிலுக்காக. ரெஜிஸ் பக்கத்தில் உட்கார்ந்து பாலாடைக்கட்டி நறுக்கிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாம் ஒயினுக்கு நாள் குறிக்கிறவர்கள் இல்லையே, நமக்கென்ன? ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைப் படிக்க உட்காரும்முன் எத்தனை பக்கம் என்று புரட்டிப் பார்த்தீர்களா இல்லையா? சரி, அதை விடுங்கள். கொஞ்ச நாளைக்கு முன்னால் யார் வீட்டிலோ, "கொஞ்சம் இருங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு அந்த வீட்டுக்காரர் உள்ளே போனாரே, நீங்கள் கூட வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, அவருக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று நல்லெண்ணத்தில் கிளம்பி வந்துவிட்டீர்களே; அவர் திரும்பி வரும்போது கையில் என்ன எடுத்து வந்தார் என்று யாரிடமாவது கேட்டுப் பார்த்தீர்களா?